வெடிக்கிற உப்பு

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் நல்லபடியாக இருக்க திரௌபதை அம்மன் துணை. போனில் பேசினால் நீ அழுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. கிளியனூரில் உன் அத்தை சரஸ்வதி வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம், நீ படிப்பை விட்டுவிட்டு வரப்போகிற சேதி அதற்குள் அங்கே போயிருக்கிறது, வானத்துலேந்து வுழுந்த கல்லுல உப்பு இருக்குதான்னு பாக்கறதுக்கா பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பினீங்கன்னு சிரித்தாள். ஆமாம் அதற்குத்தான் அனுப்பினேன் என்று பந்தியிலேயே சொல்லிவிட்டு வந்தேன். பூமி பிறந்த புதிதில் இப்படிக் கல்லும் வால்நட்சத்திரமும் விழுந்து விழுந்துதான் தண்ணீரில் ஒரு பங்கும் உயிருக்கு வேண்டிய சரக்கும் வந்திருக்கும் என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து உப்புப் பாத்தியில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திமிர். அதை யாருக்காகவும் விடமாட்டேன்.

உன் பேராசிரியர், கல்லில் உள்ள உப்பு வானத்திலிருந்து வந்ததில்லை, இங்கே அலமாரியில் கிடந்தபோது ஈரக்காற்று பட்டுப் பூத்தது, வானத்து உப்பு என்று நீ எழுதிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள் என்கிறாராம், நீயும் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் போகிறாயாம். உப்பளத்துப் பெண்ணாடி நீ? போன வருஷம் ஒரு வியாபாரி நம் உப்பைப் பார்த்து, இது மழையில கரைஞ்சி காஞ்ச உப்பு, வேணாம்னு சொல்லிட்டான். திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டால் உப்பு படபடவென்று வெடிக்குமே, ஊர்க்கண் என்பார்கள், ஊர்க்கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, பாத்தியில் மெல்ல விளைந்த கல்லுப்பு உள்ளே துளித்துளியாகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சூடு பட்டால் அது வெடித்துக்கொண்டு வரும். ஈரம் பட்டு மேலே பூத்த உப்பு சும்மா கிடக்கும். டீக்கடை அடுப்பில் இரண்டையும் போட்டுக் காட்டினேன், நம் உப்பு வெடித்த வெடியில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

உன் கல்லை அடுப்பில் போட முடியாதுதான், ஆனால் அங்கே பெரிய பெரிய பூதக்கண்ணாடி இருக்கிறதே, உப்புக்குள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் தப்பு நம்முடையது, நீயே எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து வா, நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இருந்தால், யார் சொன்னாலும் ஓர் எழுத்தைக்கூட அழிக்காதே. அப்பா, புள்ள இளைச்சிப் போவுது, வந்துடட்டும் விடுன்னு சொல்றார், அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நூறு வயசு நன்றாக இரு என் கண்ணே. தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. பார்க்காமல் மட்டும் கிளம்பி வந்துவிடாதே, வந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு, அதில் உப்பு போடமாட்டேன்.

உன் அம்மா,
சாமுண்டீஸ்வரி