உன் ஓய்வுக்காகக் குறைக்கப்பட்ட எட்டு வயது

ஏசினாலும் விட்டுக்கொடுக்க முடியாத என் அண்ணனுக்கு,

நீ மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதையே சொன்னேன். மேடையிலேயே பாதி வாழ்வைக் கழித்தவள் நான். ஒருவரைப் புகழ்வது எனக்கு மூச்சுவிடுவது போல. இன்று உன்னைப் புகழ வரவில்லை. நீ இருந்தபோது நேரில் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை, ஊரே படிக்கும்படி அச்சில் கேட்க வந்திருக்கிறேன்.

உன் மனைவி, என் அண்ணி, வேலையை விட்டு நிற்க விரும்பினார். ஒரகடத்துத் தொழிற்சாலையில் பத்தாண்டுகளாக அவர் துடைத்த தரை, அவருடைய முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. அவருக்கு உண்மையில் ஐம்பத்தேழு வயது. ஐம்பத்தெட்டு நிறைந்தால் வைப்புநிதியிலிருந்து ஓய்வூதியம் வரவேண்டும், இன்னும் ஓராண்டுதான். ஆனால் அவருடைய ஆதார் அட்டை நாற்பத்தொன்பது என்று சாதித்தது. அந்த அட்டைக்கு ஐம்பத்தெட்டு நிறையும் நாளில் அண்ணிக்கு அறுபத்தாறு நிறைந்திருக்கும்.

இடையில் காணாமற்போன எட்டு ஆண்டுகளைத் திருடியவன் யார், அண்ணா?

உனக்கு நினைவிருக்கும். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உன் பணி ஓய்வுக்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன. மாலைதோறும் வாசலில் அமர்ந்து, ஓய்வுபெற்ற பின் எப்படி வசதியாக இருப்பது என்று சிந்தித்துக்கொண்டிருந்தாய். சிந்தனையின் முடிவில் ஒருநாள் என்னிடம் சொன்னாய்: "நான் குந்திட்டா வூட்டுக்கு ஒரு சம்பளம் வரணும், கொடி. உங்கண்ணிய ஹவுஸ்கீப்பிங்ல சேத்து வுட்டுடலாம்னு கீறேன்." எவ்வளவு தொலைநோக்கு. நீ உட்கார வேண்டுமானால் அவர் எழுந்து போகவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க உனக்கு முப்பது ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

ஒப்பந்தக்காரர் நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்ப்பதில்லை. அண்ணிக்கு அப்போது நாற்பத்தேழு. வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். உனக்கோ வழி கையிலேயே இருந்தது. முதல் முகாமின்போது தாய்வீட்டில் இருந்ததால், அண்ணிக்கு அதுவரை ஆதார் அட்டையே இல்லை. அந்நாளில் சான்று இல்லாதவர்கள் வாயால் சொன்ன வயதையே எழுதிக்கொண்டார்கள். நம் பிள்ளைப்பாக்கத்திலேயே இப்படி வயது குறைந்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு பேருந்து நிறையும்.

சமுதாயக் கூடத்து முகாமில் அண்ணிக்குப் பக்கத்தில் அமர்ந்து, "முப்பத்தொம்போதுன்னு போடு சார்" என்றாய்.

அண்ணி சிரித்தார். "இன்னாயா, என்னக் கொமரியாக்கிட்ட?"

"ஒழுங்கா சம்பளம் வாங்கினு வா. அடுத்த தபா இன்னும் பத்து கொறைக்கிறேன்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வயது குறைத்தால் போதுமாயிருந்ததே, ஏன் எட்டு? அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது புரிகிறது. எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு ஆண்டுகள் கூடுதலாக அவர் உழைப்பார். துணிக்கடைக்காரன் கூட முழத்தைக் குறைத்துப் போடும்போது கொஞ்சம் கூச்சப்படுவான். நீ படவில்லை.

உன் ஓய்வு நாள் வந்தது. மாலையும் பொன்னாடையும் போட்டு, கையில் குத்துவிளக்கைக் கொடுத்து, தொழிற்சாலைப் பேருந்திலேயே உன்னை அழைத்துவந்து வாசலில் இறக்கினார்கள். பறைமேளம் முழங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்தான் உனக்கு ஆலம் சுற்றினாள். அண்ணி அன்று இரண்டாம் பணிமுறையில் இருந்தார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியோடு வருகைப்படியும் போகும் என்று நீதான் அனுப்பிவைத்தாய்.

அதற்குப் பின் ஐந்தாண்டுகள் நீ வாழ்ந்த வாழ்வு இந்தத் தொழிற்பேட்டையில் எவனுக்கும் வாய்க்காதது. தேநீர்க்கடைப் பலகையில் நீ சாய்ந்திருக்க, பணிமுறை முடிந்து வந்த இளைஞர்கள் வாய்பிளந்து கேட்பார்கள்: "எப்டிண்ணே, செக்யூரிட்டி வேலைக்கு கூடப் போவாம ஜாலியா குந்திக்கினு கீற?" நீ பெருமூச்சு விட்டு, "பிளான் பண்ணணும்பா, முன்னாடியே பிளான் பண்ணணும்" என்பாய். அந்தத் திட்டத்தின் பெயர் சரோஜா என்று ஒருவனிடமாவது சொன்னாயா? நீ பலகையில் சாய்ந்திருந்த நேரமெல்லாம் அந்தத் திட்டம் கழிவறைக்கு அமிலம் ஊற்றிக்கொண்டிருந்தது. வீடு திரும்பி உனக்குச் சோறும் வடித்தது.

உன் மகனைப் பற்றியும் கேட்டுக்கொள். உன் வைப்புநிதி முழுவதையும் அவனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். அந்த வீட்டில் அவன் அம்மாவுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் துணி உலர்கிறது. "உங்கம்மாவுக்கு முடியவில்லையடா, வேலையை நிறுத்திவிடலாம்" என்று அவனிடம் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டுமே அத்தை. வூட்ல இருந்தா அவங்களுக்கு போரடிக்கும்."

"முழங்கால் வீங்கியிருக்கிறது."

"கார்டு படி அவங்களுக்கு அம்பது கூட ஆவல."

அவனைப் பெற்ற தாயின் வயதை அவன் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். உன் வளர்ப்பு வீண்போகவில்லை.

சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில், ஓய்வுக்காலத்தை வசதியாகக் கழிப்பது எப்படி என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். சேமிப்புத் திட்டம் விற்கும் நிறுவனம் அது. முடிவில் நல்ல தமிழில் பேச என்னை அழைத்திருந்தார்கள். அண்ணிக்கு அன்று வார விடுப்பு. உடன் அழைத்துப் போனேன். திரையில் நரைத்த கணவனும் மனைவியும் கடற்கரையில் கைகோத்து நடந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், "எந்த வயசுல ரிட்டயர் ஆகணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், வேற யாரும் முடிவு பண்ணக் கூடாது" என்று முழங்கினார். இப்படியொரு பொய்யை இவ்வளவு வெண்மையான பற்களோடு ஒருவர் சொல்லி நான் கண்டதில்லை.

அண்ணி கையைத் தூக்கினார். "சார், அப்ப நான் எப்ப நிக்கலாம்?"

"உங்க வயசு என்னம்மா?"

"எந்த வயசு சொல்லட்டும் சார்? கார்டுல கீறதா, கால்ல கீறதா?"

அவை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "கார்டுல இருக்கிறதையே சொல்லுங்க" என்றார்.

"நாப்பத்தொம்போது."

"சூப்பர். அப்போ உங்களுக்கு நிறைய டைம் இருக்கு."

கைதட்டினார்கள், அண்ணா. எழுபது எண்பது பேர், எல்லோரும் எங்கோ உழைத்து ஓய்ந்தவர்கள், கைதட்டினார்கள். அடுத்து என்னை அழைத்தார்கள். ஒலிவாங்கிமுன் நின்று வணக்கம் மட்டும் சொன்னேன். இறங்கி வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அண்ணி கேட்டார். "இன்னா கொடி, பேசாம எறங்கிட்ட?"

"அண்ணி, அன்றைக்கு முகாமில் உங்கள் படிவத்தை நிரப்பியது நான்தான். பிறந்த தேதியை எழுதியது என் கை."

"தெரியுமே. உங்கண்ணனுக்கு எங்க எழுத வரும்?"

அவ்வளவுதான் சொன்னார். ஊர் ஊராகப் போய் உழைப்பவர் உரிமை பேசிய வாய் எனக்கு. பெண்ணை ஏய்க்கும் ஆண்களை மேடையில் கிழித்தவள் நான். என் வீட்டில் ஒருத்தியின் எட்டு ஆண்டுகளை அழகான கையெழுத்தில் அழித்திருக்கிறேன். உன்னை இகழ வந்த கடிதத்தில் எனக்கும் பங்கு வைக்காமல் விட்டால் நான் உன்னைவிடக் கீழானவள்.

வழி எளியதாக இல்லை. வயதைத் திருத்தினால், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்க்கு நுழைவு அட்டை இல்லை என்று ஒப்பந்தக்காரர் அன்றே நிறுத்திவிடுவார். ஓய்வூதியம் வரும்வரை ஓராண்டு கூலி கிடையாது. திருத்தாவிட்டால் இன்னும் ஆறு ஆண்டுகள் தரை துடைக்கலாம். பிறகு அட்டை வயது ஐம்பத்தைந்து என்று வெளியே அனுப்புவார்கள். அதன்பின் மூன்றாண்டுகள் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டும். உன் பெயரால் வரும் குடும்ப ஓய்வூதியம் மருந்துக்கே போதவில்லை. இவ்வளவையும் எடுத்துச் சொன்னேன். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொய் சொன்னதுக்கு உள்ள போட்ருவானுங்களா?"

உள்ளே போட வேண்டியவன் தப்பிப் போய்விட்டான் என்றேன். அண்ணி முறைத்தார். உன்னைச் சொன்னால் இன்றும் அவருக்குப் பொறுக்காது. உனக்கு அந்தத் தகுதி இருந்ததா?

அண்ணி மூன்றாம் வகுப்புவரை படித்த பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தது. தலைமையாசிரியை இரண்டு நாள் தேடி எடுத்து நகல் கொடுத்தார். அதில் அண்ணியின் பிறந்தநாள் இருந்தது, ஆவணி மாதம். முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தாயே, உனக்கு அது தெரியுமா?

ஆதார் மையத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள். பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தார். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. அமிலமும் சோப்புத்தூளும் ரேகையை அரித்துவிட்டிருந்தன. "இன்னா வேலைம்மா பண்றீங்க?" என்றாள் அங்கிருந்த பெண். கடைசியில் கண்ணைப் படம்பிடித்துத்தான் அவர் சரோஜா என்று ஒப்புக்கொண்டார்கள்.

திருத்தம் ஏறிய செய்தி வந்ததும், மறைக்காமல் தானே சொல்லிவிடுவதாக அண்ணி கிளம்பினார். நானும் உடன்போனேன். மேற்பார்வையாளன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்; புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா இது, ஒரே ராத்திரில எட்டு வயசு ஏறிட்டு?"

"ராத்திரில ஏறல தம்பி. இந்தத் தரைலதான் ஏறிச்சு. இன்னிக்கிதான் எழுதிக் குட்த்தாங்க."

"சும்மா இருந்திருந்தா இன்னும் ஆறு வருசம் ஓட்டிருக்கலாம்லா?"

"ஓட்றதுக்கு நான் இன்னா கம்பெனி வண்டியா?"

நுழைவு அட்டையையும் காலணியையும் மேசைமேல் வைத்தார். பொன்னாடை இல்லை, குத்துவிளக்கு இல்லை. அந்தப் பையன் மட்டும் எழுந்து நின்றான்.

மீதி ஓராண்டுக்கு நான் சோறு போடுகிறேன் என்றதற்கு அண்ணி ஒப்பவில்லை. "ஓசிச் சோறு வாணாம். நீ ஸ்ரீபெரும்புதூர்ல எவனுக்கோ குட்க்கிற வாடகைய எனக்குக் குடு. மேலண்ட ரூம்ல இருந்த ஒடிசாப் புள்ளைங்க காலி பண்ணிட்டாங்க. நீ வந்துடு." பெட்டிகளோடும் புத்தகங்களோடும் வந்துவிட்டேன். உன் மகன் ஒருமுறை வந்து, அவசரப்பட்டுவிட்டோம் என்று வருந்திவிட்டுப் போனான். அண்ணி அவனுக்குத் தேநீர் கொடுத்தார்; குடித்த குவளையை அவனையே கழுவிவைக்கச் சொன்னார்.

முதல் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையில் நின்று ஒலியெழுப்பியது. பழக்கத்தில் அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். கால் தரையில் செருப்பைத் தேடியது. ஓட்டுநர் மறுபடி ஒலித்தார். "போடா, போ" என்று முணுமுணுத்துவிட்டு, போர்வையை இழுத்துப் படுத்தார். அன்று அவர் எட்டு மணிவரை உறங்கினார். நான் சோறு வடித்தேன், குழைந்துவிட்டது.

வரும் ஆவணியில் அவருக்கு ஐம்பத்தெட்டு நிறைகிறது. அன்று வைப்புநிதி அலுவலகத்தில் எவ்வளவு நீண்ட வரிசையானாலும் நான் நிற்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் எழவேண்டி வந்தால், கையெழுத்துப் போடுவதற்காக மட்டும்தான் எழுவார். இது உனக்குத் தரும் வாக்கு. நீ இதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

உனக்குத் தங்கையாகப் பிறந்து,
உன் மனைவிக்கு நாத்தனாராக மிஞ்சியிருக்கும்
பொற்கொடி