ரெண்டு பேருக்கு, ஒரு ஜன்னல்

தை 9, திங்கள்
பனி. ஒன்பது மணிக்குத்தான் வெயில். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று.

எனக்கு எழுதப் படிக்க வராது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. ஜெர்மனியிலிருந்து மகள் செல்வி சொல்லிக்கொடுத்தாள். திரும்பப் படிக்க முடியாது. நல்லதுதான்.

செல்வி பேசினாள். சித்திரையில் வரச் சொல்கிறாள். பாரிஸ், சூரிச், வெனிஸ், எல்லாம் ரயிலில். "அம்மா ஆசப்பட்டதுப்பா. நீங்களாச்சும் வாங்க. எந்த பாஸுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் முடிவு பண்ணா எனக்காவ வர்ற மாதிரி ஆயிடும்."

சம்சாரம் அஞ்சலை போய்ச் சேர்ந்து நாலு மாதம்.

தை 11, புதன்
பெரம்பலூர். ரயிலே இல்லாத ஊர். அங்கே ரயில் பாஸ் விற்கிறார்கள்.

டிராவல்ஸில் கண்ணாடி போட்ட ஒரு பெண். பொறுமைசாலி. பாஸ் இரண்டு விதமாம். வரிசையாகப் பதினைந்து நாள்: ஏறினாலும் ஏறாவிட்டாலும் நாள் கழியும். இன்னொன்று, ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஐந்து நாள். எந்த நாள் என்று நாமே பொறுக்கலாம்.

"டெய்லி ரயில் ஏறுவீங்களா தாத்தா?"

"முப்பத்தேழு வருசம் தண்டவாளத்துல நடந்தவன்மா. ஏறுனதுதான் கம்மி."

சிரித்தது.

அரியலூர் சில்லக்குடி பாதையில் கேங்மேன். எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் எந்த மரம், இன்றைக்கும் சொல்வேன். வருடா வருடம் ரயில்வேயில் இலவச பாஸ் உண்டு. ஆபீஸில் கைநாட்டு வைத்து, "எனக்கும் சம்சாரத்துக்கும், டெல்லி வரைக்கும்" என்பேன். நடவு வரும், மாடு சினையாக இருக்கும். பாஸ் பெட்டியிலேயே காலாவதி. போனது ஒரே தடவை, விழுப்புரம், அவள் தங்கச்சி கல்யாணம்.

பாரத்தை அந்தப் பெண்ணே நிரப்பியது. ரப்பர் பேண்டு போட்டிருந்த பாஸ்போர்ட்டை அப்படியே கொடுத்தேன்.

"எத்தன பேருங்க?"

"ரெண்டு பேரு. சீட்டுல ஒன்னு ஜன்னல் ஓரமாப் போடும்மா."

எந்த பாஸ் என்று இன்னும் சொல்லவில்லை. இட்லி இரண்டு. பஸ். வீடு.

தை 12, வியாழன்
செல்வி போன். அழுகை.

"அப்பா, அம்மா பாஸ்போர்ட்டயும் குடுத்துட்டு வந்திருக்கீங்க. ரெண்டு பேரு, ஒரு ஜன்னல்னு அந்தப் பொண்ணு எனக்கு அனுப்பியிருக்கு."

"பழக்கத்துல சொல்லிட்டேன்."

"கஷ்டமா இருந்தா வர வேணாம்ப்பா."

"கஷ்டம்லாம் இல்ல."

உண்மைதான். மரத்துப்போன கால் மாதிரி. ஊன்றினால் நிற்கிறது, தரை தெரியவில்லை.

மத்தியானம் ரசம். உப்பு போட்டேனா, ஞாபகம் இல்லை. கல்லையும் மரத்தையும் மறக்காத எனக்கே ஞாபகம் இல்லை.

தை 14, சனி
மறுபடி பெரம்பலூர். பனி இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டது.

"தாத்தா, எனக்குத் தெரியாதுங்க..."

"நீ என்னம்மா பண்ணுவ? நான் சொன்னதத்தான எழுதுன. உக்காரு."

அஞ்சலை பாஸ்போர்ட் கைக்கு வந்தது. முத்திரை ஒன்றுகூட இல்லை. போட்டோவில் முறைப்பு. சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொன்னதற்கு, "அப்ப மாமியாள நெனச்சுக்கிறேன்" என்றாள்.

"எந்த பாஸ் போடட்டும் தாத்தா?"

"அஞ்சு நாளு. பொறுக்கிக்கிறது."

"போவீங்கள்ல?"

"போவேன். இதுவும் பொட்டில கெடக்க வேணாம்."

ஒரு பெயர்தான். கைநாட்டு வேண்டாம் என்றது.

அரியலூர் பஸ். கண்டக்டர்: "பெருசு, எத்தன?"

"ஒரு அரியலூர்."

கொடுத்தான். ஜன்னல் ஓரம் காலி. பஸ் ஏறினால் அஞ்சலைக்குக் குமட்டும், எப்போதும் அது அவள் இடம். குன்னம் வரை அதை விட்டு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அங்கே கூட்டம் ஏறியது. ஒரு அம்மா, "தள்ளி உக்காருங்க பெரியவரே" என்றது.

நகர்ந்தேன்.