வாளிக்கு ஒரு துளை

அன்புள்ள மதுமதிக்கு,

நான் நலம். நீயும் யாழினியும் நலந்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுது. சத்தீஸ்கரில் எங்கள் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் இடத்தில் சிக்னல் இல்லை, அதனால்தான் கடிதம்.

"திரும்பி வர்றப்ப இதையும் கொண்டாரணுங்கப்பா" என்று யாழினி பெயிண்ட் வாளியில் நட்டுக் கொடுத்த கறிவேப்பிலைச் செடி போன மாதம் வாடிவிட்டது. தாகம் என்று முடிவுசெய்து, ஏழு பேரும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினோம். மேலும் வாடியது, மேலும் ஊற்றினோம். கடைசியில் சமையல்காரர் மணியன் மண்ணில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, வேரு அழுகி நாறுதுங்க. வாளிக்கு அடியில ஓட்டையே இல்லீங்களே!"

ஆயிரம் அடிக்குத் துளை போடுகிற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆணியைக் காய்ச்சி நான்கு துளை போட்டு, மண்ணைக் காயவிட்டோம். இன்று ஒரு துளிர் விட்டிருக்கிறது. யாழினியிடம் துளிர் விட்டதை மட்டும் சொல்.

அடுத்து வரும் லாரியில் நம் தோட்டத்துச் செம்மண் ஒரு பை கொடுத்துவிடு. இங்கேயும் மண் இருக்கிறது என்கிறார் மணியன். இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு திருச்செங்கோட்டுக்குக் கிளம்பும் லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ரசத்துக்கு ஓர் இலை கேட்டு மணியன் தினமும் வருகிறார். இதுவரை கொடுக்கவில்லை.

உன்
குணசீலன்