சைலேஜ் குழிக்குள் காற்று

ஜூன் 4
புல்லை அறுத்து, ஒரு நாள் வாடவிட்டு, நறுக்கிச் சைலேஜ் குழியில் கொட்டியாயிற்று; காற்றுப் படாமல் புளித்தால் மாட்டுத் தீவனம். டிராக்டரை ஏற்றி மிதித்தவன் மைத்துனன். பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடும்போது, "இன்னும் மிதிச்சிருக்கணும்டா, காத்து நின்னா அத்தனையும் அழுகிடும்" என்றேன். "கால் அமுங்கலை மச்சான். வேணும்னா நீங்களே ஏறிக் குதிங்க." ஆட்கள் சிரித்தார்கள். கோபம் தலைக்கேறிவிட்டது. கையிலிருந்த, புல் அள்ளும் நாலு முள் கவைக்கோலை அவன்மேல் எறிந்தேன். காதை உரசிப் போய், மூடியிருந்த குழிமேல் குத்தி நின்றது. உருவிப் போட்டுவிட்டு, விரிப்பின்மேல் பழைய டயர்களை அடுக்கினேன்.

ஜூன் 7
மனைவி கேட்டாள்: "என் தம்பி செத்திருந்தா?" "அதான் சாகலையே" என்றேன்.

ஜூலை 22
குழியைத் திறந்தோம். முன்பக்கம் அருமை. மஞ்சள் கலந்த பச்சை, மோர் புளித்த வாசனை. மாடுகள் தொட்டியை நக்கித் தீர்த்தன. மைத்துனனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் வாயில் வரவில்லை?

ஆகஸ்ட் 9
நடுக்குழிப் புல்லைப் போட்ட நாலாம் நாளே பால் பாதியானது. இன்று காலை நெற்றிச்சுட்டிப் பசு கன்று வீசிவிட்டது. ஏழு மாதச் சினை, கன்று செத்தே விழுந்தது. மாட்டு டாக்டர் தீவனத்தை முகர்ந்து, "பூஞ்சை. உள்ளே காத்து போயிருக்கு" என்றார்.

காத்தா! மைத்துனன் பால் கறந்துகொண்டிருந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தொட்டி விளிம்பில் முகத்தை மோதினேன். ஒரு தடவை இல்லை. முன்பல் இரண்டு தெறித்தன. பால் வாளியில் ரத்தம். திருப்பி அடிக்கவே இல்லை பாவி — அதுதான் இன்னும் எரிச்சல். கன்றைக் கொன்றவனுக்கு இது போதாது.

ஆகஸ்ட் 11
அழுகியதை வெட்டி எறிந்தேன். மிதித்தது சரியில்லை என்றால் குழி முழுக்க அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அழுகல் ஒரே இடத்தில் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நாலு ஓட்டைகள், ஒரே வரிசையில். கவைக்கோலைக் கொண்டுவந்து வைத்தேன். பொருந்தியது.

ஆகஸ்ட் 12
யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15
மனைவியிடம் சொன்னேன். "அப்போ அவன் மிதிச்சது சரிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 6
அடுத்த அறுப்பு. மாடுகளில் பாதி மைத்துனனுடையவை, அதனால் வந்தான். ஓட்டைகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வேலையைப் பாருங்க மச்சான்." பல்லில்லாத இடத்தில் வார்த்தை ஊதிக்கொண்டு வந்தது.

விரிப்பில் சின்னக் கீறல் ஒன்று இருந்தது. ஒட்டும் டேப் அவன் பக்கம் கிடந்தது. அதைக் காட்டக் கையைத் தூக்கினேன்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தான்.

கையை இறக்கிக்கொண்டேன். குழியைச் சுற்றி நடந்துபோய் நானே டேப்பை எடுத்து வந்தேன்.