தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

ஜெலாப்பாங், ஈப்போ
21.1.1979

அன்புள்ள அண்ணிக்கு,

நவமணி எழுதுறேன். நான் சுகம். நீங்களும் அண்ணனும், வயித்துக்குள்ள உதைச்சுக்கிட்டு இருக்கிற ஆளும் சுகமா இருக்கணும்னு தினமும் கும்பிடுறேன்.

இந்தக் கடிதத்தை நின்னுக்கிட்டே படிக்காதீங்க. சிரிச்சு விழுந்தீங்கன்னா அண்ணன் என்னைத்தான் ஏசுவாரு. எங்க தையல் பேக்டரி ஆளுங்க பிள்ளைங்களுக்கு வைக்கிற பேரைக் கேட்டா தலை சுத்துது. பட்டன் தைக்கிற இருளாயி அக்காவுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. அன்னிக்குத்தான் வீட்டுல கலர் டிவி வாங்கினாங்களாம். அதனால பேரு கலர்மதி. "அக்கா, கறுப்பு வெள்ளை டிவியா இருந்தா என்ன வச்சிருப்பீங்க"ன்னு கேட்டேன். கத்திரிக்கோலோட துரத்திருச்சு.

லோரி ஓட்டுற சீனி அண்ணன் மகன், ஆகஸ்டு முப்பத்தொண்ணு, நம்ம சுதந்திர நாள்ல பிறந்தவன். பேரு மெர்டேக்கா செல்வன். அவன் அழுதா எல்லாரும் எழுந்து நிக்கணுமான்னு தெரியல. இதுக்கெல்லாம் மேல, வாட்ச்மேன் ராஜு அண்ணன் மகனுக்கு டாக்டர்னே பேரு வச்சுட்டாரு. டாக்டர் த/பெ ராஜு. காய்ச்சல் வந்தா டாக்டரைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடணும்.

எங்களை வேலை வாங்குற மண்டோர் கருப்பம்மாள் அக்கா, "நவமணி, ஊரான் பிள்ளையச் சிரிக்காதலா"ன்னு அதட்டுறாங்க, அவங்களே முந்தானையால வாயை மூடிக்கிட்டு.

நீங்க கவலைப்படாதீங்க அண்ணி. பேரு வைக்கிறது அத்தை வேலை. நம்ம பிள்ளைக்கு நான் வைக்கப் போற பேரு, பேராக் முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஆளுக்கு இருக்கக் கூடாது. லீவு சொல்லி வச்சுட்டேன்.

உங்க நாத்தனார்,
நவமணி

*

பாகான் செராய்
4.2.1979

அன்பு நவமணிக்கு,

அண்ணி ராக்காயி எழுதிக்கொள்வது. உன் அண்ணனும் நானும் நலம். மழை விடாததால ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகல. சும்மா உக்காந்திருக்கிறேன், கால் மட்டும் வீங்குது.

டாக்டர் த/பெ ராஜுவைப் படிச்சதும் உன் அண்ணனுக்குச் சோத்துக்கு நடுவுல புரையேறிடுச்சு. ரெண்டு நாளா நெனச்சு நெனச்சுச் சிரிக்கிறாரு. இனி நான் எழுதுறதுக்கு நீ சிரிக்கக் கூடாது.

பொண்ணு பிறந்தா குப்பாயி. பையன்னா குப்பன். முடிவு பண்ணியாச்சு.

முன்னால ரெண்டும் நமக்குத் தங்கலேன்னு உனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்து லாயத்துல, வரிசை வீடுகள்ல, அப்படிப் பிள்ளை போனவங்க எல்லாம் செய்யறதுதான். முப்பதாம் நாள் பிள்ளையை முறத்துல வச்சுக் குப்பைமேட்டுல போடுவோம். வேற ஒரு ஆள், கண்டெடுத்த மாதிரி எடுத்து, பேரு சொல்லிக் கூப்பிடணும். நான் ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கிக்குவேன். யாருக்கும் வேணாத பிள்ளைன்னு ஆயிட்டா, கொண்டுபோகவும் எதுவும் வராது.

எடுக்கிற ஆள் நீதான். சாயந்திரம் தொட்டில்ல போட்டுக் காதுல பேரு சொல்றதும் நீதான். அத்தை வாயால வரணும். நெல் மில்லுல தவிடு சொல்லி வச்சாச்சு.

உன் அண்ணி,
ராக்காயி

*

ஜெலாப்பாங்
11.2.1979

அண்ணிக்கு,

கலர்மதியையும் டாக்டரையும் கேலி பண்ணினதுக்கு சாமி இவ்வளவு சீக்கிரம் பதில் கொடுக்கும்னு நான் நெனைக்கல.

நான் வரமாட்டேன். கோவிச்சுக்கோங்க, பரவாயில்ல. ஸ்கூல்ல வாத்தியாரு பேரைக் கூப்பிட்டதும் கிளாஸே திரும்பிப் பாத்துச் சிரிக்கும். நான் சொல்றேன் அண்ணி, சிரிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா எப்படிச் சிரிப்பாங்கன்னு.

போன பிள்ளைக்கு ஜன்னி வந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போக லோரி இல்ல. அதுக்குப் பேரு என்ன பண்ணும்? ஊசி போடுங்க. கொசுவலை கட்டுங்க. தண்ணியக் காய்ச்சிக் கொடுங்க. குப்பையில போடாதீங்க.

இன்னொண்ணு. அதுங்க ரெண்டுக்கும் நான்தான் பேரு வச்சேன். முதல் பிள்ளைக்கு வச்சப்ப எனக்குப் பதினாறு வயசு. மூணாவதுக்கு நீங்க இப்படிச் செஞ்சா லாயம் என்ன பேசும்? நவமணி வச்ச பேருதான் ரெண்டையும் கொண்டுபோச்சுன்னு பேசும். நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா? அதை மட்டும் எழுதுங்க.

நவமணி

*

பாகான் செராய்
8.4.1979

அன்பு நவமணிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியல. எழுதினா கோவமா வந்திருக்கும்.

பொண்ணு பிறந்திருக்கா. தைப்பிங் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தா. உன் அண்ணன் மூக்கு, உன் வாய். அழ ஆரம்பிச்சா கடைசி வீடு வரைக்கும் கேக்குது. ஊசி போட்டாச்சு. கொசுவலை கட்டியாச்சு. தண்ணியும் காய்ச்சித்தான். நீ சொன்னது எல்லாத்தையும் நான் செஞ்சுட்டேன். நான் சொன்னது ஒண்ணுதான்.

பக்கத்து வீட்டு முத்தம்மா, "நான் எடுக்கிறேன்லா ராக்காயி, அவ வரமாட்டா"ன்னா. "வருவா"ன்னு சொல்லிட்டேன். முப்பதாம் நாள் தாண்டினாலும் தாண்டட்டும். நீ வர்ற வரைக்கும் இவளுக்குப் பேரு கிடையாது. உன் அண்ணன் "ஏய் சின்ன ஆளு"ங்கிறாரு. நான் அப்படிக்கூடக் கூப்பிடுறதில்ல.

நீ கேட்டதுக்குப் பதில். நீ வச்ச பேரால எதுவும் ஆகல. அதை மண்டையில ஏத்திக்காதே. ரெண்டும் அழகான பேரு. அதுதான் கஷ்டம். வேலை முடிஞ்சு வர்றப்ப லாயத்து முனையிலிருந்தே கூப்பிட்டுக்கிட்டு வருவேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் கூப்பிட்டேன். ரெண்டாவது போன பிறகும் வாய் அதையே சொல்லிச்சு. அடுப்புக்கிட்ட சொல்லும், குழாயடியில சொல்லும். பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க.

மறுபடியும் என் வாயில அழகா ஒண்ணை வைக்காதே நவமணி. எனக்குப் பயமா இருக்கு. ஊரு சிரிச்சா நான் தாங்கிக்குவேன்.

அண்ணி

*

ஜெலாப்பாங்
20.5.1979

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். தைப்பிங்ல பஸ் மாறினப்ப, நீங்க கட்டிக் கொடுத்த புளிச்சோத்தைச் சாப்பிட்டேன். சேலையில இன்னும் தவிடு ஒட்டிக்கிட்டு இருக்கு, உதற மனசு வரல.

நான் ஒத்துக்கிட்டு வரல, அதைத் தெரிஞ்சுக்கோங்க. கூப்பிட்டது நீங்க, அதனால வந்தேன். முறத்துல அவ அந்த மேட்டு மேல கெடந்தப்ப, கோழி ஒண்ணு கிட்ட வந்துச்சு பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு. அந்த நேரத்துல முத்தம்மா அக்கா பின்னால நின்னுக்கிட்டு, "சத்தமாச் சொல்லுலா, காக்காய்க்குக் கூடக் கேக்கல"ன்னு விரட்டுது. மூணாவது தரம் நான் போட்ட சத்தத்துல, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டு ஜன்னல் திறந்துச்சு.

தவிட்டுத் தூசி மூக்குல ஏறி அவ தும்மினாளே, லாயமே ஒண்ணா "நூறு"ன்னு சொல்லிச்சே, அப்ப நீங்க சிரிச்சீங்க. நீங்க சிரிச்சு ரெண்டு வருஷம் இருக்கும் அண்ணி.

இங்க பேக்டரியில எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. "உன் மருமகளுக்கு என்ன பேரு?"ன்னு இருளாயி அக்கா கேட்டுச்சு. "குப்பாயி"ன்னேன். தையல் மெஷினெல்லாம் நின்னுருச்சு.

"குப்பாயியா? எங்க கலர்மதியச் சிரிச்சியே."

"ஆமாக்கா, சிரிச்சேன். இப்ப நீங்க சிரிங்க. சாப்பாட்டு மணிக்குள்ள முடிச்சுக்கோங்க. நாளையிலிருந்து சிரிச்சா நான் கேக்க மாட்டேன்."

சிரிச்சாங்க. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கருப்பம்மாள் அக்கா மட்டும் சிரிக்கல. "எத்தனை பிள்ளை போச்சு உங்க அண்ணிக்கு?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. சொன்னேன். பெறகு யாரும் சிரிக்கல.

அவளுக்கு என் முத்தம்.

உங்க நாத்தனார்,
நவமணி

*

பாகான் செராய்
3.6.1979

அன்பு நவமணிக்கு,

நாங்க மூணு பேரும் நலம். குப்பாயி குப்புற விழப் பாக்குறா, இன்னும் முடியல.

ஒண்ணு சொல்லணும். குப்பைமேட்டுல நீ சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. சாயந்திரம் தொட்டில்ல போட்டு, குனிஞ்சு, காதுல மூணு தரம் சொன்னியே, அது யாருக்கும் கேக்கல. முத்தம்மா, "நல்லபடியாச் சொல்லிட்டா"ன்னு பாக்கு வெத்தலை எடுக்கப் போயிட்டா. நான் உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். குப்பாயின்னு சொன்னா நடுவுல உதடு ஒட்டணும். உனக்கு மூணு தரமும் ஒட்டவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி உன்னை அடிக்கணும்போல இருந்துச்சு. இப்ப இல்ல.

அது என்ன பேருன்னு எனக்கு எழுதாதே. உன் அண்ணன்கிட்டயும் சொல்லாதே, அவரு வாய் நிக்காது. தெரிஞ்சா நான் கூப்பிட்டுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவ நல்லா ஓடி ஆடட்டும். ஸ்கூல் பையை மாட்டட்டும். அப்ப ஒரு நாள் வந்து என் காதுல சொல்லு. அதுவரைக்கும் நீ வச்சுக்கோ. தொலைச்சிடாதே.

முழிச்சுட்டா. கத்துறா. நான் போய்க் குப்பாயியைத் தூக்குறேன்.

அண்ணி,
ராக்காயி