சுழியின் மேல் ஒரு கோடு

மழை பிழையாதாகுக, கரை நிலைபெறுக. தண்கய நாடு முழுதும் ஆள்பவரும் ஏரிக்கொடி உயர்த்தவருமான நிலந்தரு மாதேவியார், கீழ்மதகுக் கூற்றத்தின் காவலரும், போரிலும் பஞ்சத்திலும் எமக்கு ஒருசேரத் தோள் கொடுத்தவருமான எயினாதனார்க்கு விடுத்த ஓலை. உம் கூற்றத்தில் நடவு முடிந்ததென்றும், உம் இல்லத்தார் நலமென்றும் கேட்டு மகிழ்ந்தோம். இனி எழுதப்போவது மகிழ்ச்சிச் செய்தி அன்று. ஆகையால் நின்றபடி கேளாமல் அமர்ந்து கேளும்.

எம் நூலவையின் வழக்கம் உமக்கு அரைகுறையாகவே தெரியும். வாளெடுத்தவனுக்கு ஓலைச் சட்டம் எதற்கு என்று நீர் கேலி செய்ததை யாம் மறந்தோம் அல்லோம். நூல் எழுதிக் கொணர்வோர், தாம் கூறும் ஒவ்வொரு செய்தியின் அருகிலும் அதைச் சொன்னவர் பெயரை எழுதவேண்டும். சொன்னவர் உயிரோடிருந்தால் பெயருக்கு முன் ஒரு சுழி; மறைந்தவரானால் ஒரு கிடைக்கோடு. அவையில் நூலை வாசிக்கையில் சுழியிட்ட பெயரைக் கூவி அழைப்பார்கள். அப்பெயருடையார் எழுந்து, ஆம், அது என் சொல்லே என்று ஏற்கவேண்டும். கோடிட்ட பெயருக்கு நூலாசிரியரே ஏரிநீர் தொட்டு உறுதி கூறுவார். இருமுறை அழைத்தும் எழுவார் இல்லையெனில், அப்பெயரை நம்பி நிற்கும் பகுதி முழுதும் கழிக்கப்படும். இல்லாத ஆட்களின் பெயரைச் சொல்லி இருக்கிற மக்களை ஏய்த்த புளுகர் சிலரால் வந்த விதி இது. அரசாலும் இதை மாற்ற இயலாது.

இவ்விதியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர் அவைத்தலைவர் வெள்ளாதனார். அப்பப்பா! அவர் கையில் நூலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சோறு உண்டவர் இந்நாட்டில் எவரும் இலர். ஓமையூர் அத்தனார் பயிர்நோய் பற்றி எழுதிய நூலை, ஒரே ஒரு பெயரின் முன் குறி விடுபட்டதென்று கட்டோடு திருப்பி அனுப்பினார். குறியை மறந்தவர், கேட்ட சொல்லை மட்டும் மறவாதிருப்பாரோ என்று நிறைந்த அவையில் வைத்தே வினவினார். அத்தனார் முகம் சுண்டிப்போய் வெளியேறியதை யாமே கண்டோம். எமக்கே கோபம் வந்தது. ஆயினும் அவர் கூறியதில் தவறென்று எதைச் சொல்வது?

அந்த வெள்ளாதனார்க்கு ஒரே மகள். நறுவீ என்பது பெயர். தாயில்லாப் பிள்ளை. தந்தை ஓலைகளில் தேடியதை அவள் ஏரிக்கரையில் நடந்து தேடுவாள். சென்ற கார்மழையில் ஒருநாள் காலை, முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு ஓடிவந்தாள். கரையின் வெளிப்புறம் கசியும் ஊற்று நேற்றுவரை தெளிந்திருந்தது, இன்று செம்மண் கலங்கி வருகிறது, கரை உள்ளுக்குள் அரிபடுகிறது, ஊர்களை உடனே எழுப்பவேண்டும் என்று மூச்சிரைக்கக் கூறினாள். யார் சொன்னது என்று தந்தை கேட்டார். யானே கண்டேன் என்றாள். ஒருவர் கண்டது சான்றாகாது, மற்றொருவருக்கும் காட்டிவிட்டு வா என்றார் அவர். வேறென்ன கூறுவார்? வாழ்நாளெல்லாம் எல்லாரிடமும் அதையே கூறியவர். அப்பாவுக்கு வேறு வேலையே இல்லை என்று சலித்துக்கொண்டே அவள் திரும்பிப் போனாள்.

போகிற வழியில் உம் தாழைக்குடி மக்களைக் கூவி எழுப்பி மேட்டில் ஏறச்சொன்னாள். ஏறியவர்கள் பிழைத்தார்கள். அவளோ மதகுக் காவலனைக் கூட்டிக்கொண்டு, இரண்டாம் கண்ணுக்குக் காட்டவென்று, மீண்டும் ஊற்றருகே சென்றாள். மேட்டில் நின்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது. இருவர் உடலும் கிடைக்கவில்லை. பிழைத்தவர்களும் ஊரின்றி உம் கூற்றமெங்கும் சிதறிப்போயினர்.

வெள்ளாதனார் அழுததை எவரும் காணவில்லை. அவர் எழுதத் தொடங்கினார். கரை எவ்வாறு நலிகிறது, உடையுமுன் என்னென்ன காட்டுகிறது என்று கரைநூல் ஒன்று எழுதி, தம் தலைமையிருக்கையை விட்டிறங்கி, மற்றவர்போலவே அவைமுன் வைத்தார். அவையோர் முறைவைத்து வாசிப்பர்; அம்முறை அன்று அத்தனார்க்கு வாய்த்தது. பழைய கணக்குத் தீரும் என்று அவையில் சிலர் குசுகுசுத்தது எம் செவியிலும் விழுந்தது.

சுழியிட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன; உடையவர்கள் எழுந்தார்கள், ஏற்றார்கள். ஊற்று கலங்கும் பகுதி வந்தது. அத்தனார் ஓலையைப் பார்த்தார், சற்றே நின்றார், பின்பு, நறுவீ, என்று அழைத்தார். அவள் பெயரின் முன்னே சுழி இருந்தது.

எழுவார் இல்லை. விதிப்படி மீண்டும் அழைக்கவேண்டும். அத்தனார் மீண்டும் அழைத்தார். அப்போது வெள்ளாதனார் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கழுத்தை நீட்டி, வாயிலைப் பார்த்தார். ஐயோ, எயினாதனாரே, அந்தப் பார்வையை என்னவென்று எழுதுவோம்! அரசியென்பதையும் மறந்து யாமும் வாயிலைத்தான் பார்த்தோம்.

இது கைப்பிழை, பொறுத்துக்கொள்வோம் என்று அத்தனார் அவையை வேண்டினார். வெள்ளாதனார் மறுத்தார். கைப்பிழை அன்று, அறிந்தே இட்ட சுழி, எத்தனையோ பேருக்கு அக்கோட்டைக் கூசாமல் இழுத்த என் எழுத்தாணி அவள் பெயரின்முன் நகரவில்லை, விதி விதியே, பகுதியைக் கழித்துவிடுங்கள் என்றார். அப்பகுதி போனால், அடுத்த கார்மழையில் கீழூர் மக்கள் எதைக் கொண்டு தப்புவார்கள் என்று யாம் வினவினோம். குறியைத் திருத்த நூலாசிரியர் கைக்கு மட்டுமே உரிமை உண்டு. அவர் கையோ மடியில் கிடந்தது.

அத்தனார் மேடையிலிருந்து இறங்கிவந்தார். வெள்ளாதனார் அருகே தரையில் அமர்ந்து, ஐயா, உம் பிள்ளை தேடிப்போன இரண்டாம் சான்றாக நாங்கள் இத்தனை பேரும் இருக்கிறோம், ஓலையை யான் பிடித்துக்கொள்கிறேன், நீர் கோட்டை மட்டும் இழும் என்று கூறினார். வெள்ளாதனார் எழுத்தாணியை வாங்கினார். ஓலையில் ஒருமுறை கீறியது அழியாது. ஆகவே சுழியின் மேலேயே கோட்டை இழுத்தார். அது கோணிற்று, ஓரிடத்தில் ஓலையும் கிழிந்தது. பின்பு ஏரிநீர் தொட்டு, இது என் மகள் சொல், யான் அன்று கேளாத சொல் என்று உறுதி கூறினார். நூல் நிறைவேறியது.

ஆகையால் யாம் ஆணையிடுவது யாதெனில்: கரைநூலின் படி ஒன்று இவ்வோலையோடு வருகிறது. உம் கூற்றத்து ஊர்தோறும் கரைக்காவலர் புறவூற்றைக் கண்காணிக்க. ஊற்று கலங்கிற்று என்று எவர் ஓடிவந்து கூறினும், சிறுபிள்ளையே ஆயினும், முதலில் மக்களை மேட்டில் ஏற்றுக; சான்று பிறகு கேட்க. இவ்வரி வெள்ளாதனாரே கேட்டு எழுதுவித்தது. படியெடுப்போர் நறுவீ பெயரின் முன்னுள்ள குறியைத் திருத்தலாகாது. சுழியும் கோடும் கலந்த அக்குறி எந்த விதியிலும் இல்லை. கோணலும் கிழிசலும் உட்பட உள்ளது உள்ளபடியே எழுதுக.

நூலை மன்றங்களில் உரக்க வாசிக்க. அவள் பெயர் வரும்போது வாசிப்பவர் சற்றே நிறுத்துக. தாழைக்குடியில் அன்று அவள் குரல் கேட்டு மேடேறியவர் எவரேனும் எழுந்து, ஆம், அது அவள் சொல்லே என்று கூறினால், அவர்களுக்கு வழிச்சோறும் வண்டியும் தந்து எம் அவைக்கு அனுப்புக. இது ஆணை, ஏரி முத்திரை இட்டோம். காலம் தாழ்த்தலாகாது, எயினாதனாரே. அவை கலைந்த பின்னும் ஒருவர் இங்கே வாயிலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்.