மாடி ரூமும் கீழ் ரூமும்

ஏய் கடப்பாக்கத்துக்காரி,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கையில் மஞ்சள் காப்பு. புதிதாகக் கட்டியது, ஈரம்கூடக் காயவில்லை. கொண்டையில் வேப்பிலை செருகியிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், முன்பின் பேசிப் பழகாத அந்தப் பெண்ணிடம், "உப்பு சேத்துக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். "சேத்துக்கிறேன்க்கா, கவுச்சி மட்டும்தான் இல்ல. ஏன் கேக்குறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறைமலைநகர் வந்து இறங்கும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம்மைச் சேர்த்து வைத்தது செங்கல்பட்டில் அந்தத் தனியார் கிளினிக்கின் மர பெஞ்சு. கீழ் ரூமில் மருந்து எழுதும் டாக்டர். மாடி ரூமில் உட்கார வைத்துப் பேசும் மேடம். நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. நம் இருவருக்கும் ஒரே வியாதி, இருமுனைக் கோளாறு. நீ அதை 'ஏத்த எறக்கம்' என்பாய். முதல் நாள் நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா, மீன் நாத்தம் அடிக்குதா? மூஞ்ச மூடிகினு கீற" என்றாய். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று முணுமுணுத்தேன். "பாத்தா இன்னா? அவங்களும் இங்கதான வந்துகீறாங்க!" என்று நீ சிரித்த சிரிப்பில் பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அன்றிலிருந்து நான் உனக்குக் 'கம்பெனிக்காரி'.

ஏறும்போது நாம் இரண்டு பேரும் எப்படி ஆடினோம் என்பது நமக்குத்தான் தெரியும். நான் மேனேஜரை உட்கார வைத்து அவருக்கே கம்பெனி நடத்தச் சொல்லிக்கொடுத்தேன். நீ கரையில் ஏலத்துக்கு நின்று, வந்த படகு மீனையெல்லாம் நீயே எடுத்து, ஊரில் வீட்டுக்கு வீடு சும்மா கொடுத்துவிட்டு வந்தாய். இறங்கும்போது என் தலைமுடி சிக்கெடுக்கப்படாமல் சடையாகும். நீ பாயைவிட்டு எழ மாட்டாய்.

கீழ் ரூம் லித்தியம் மாத்திரை கொடுத்தது. ஏற்றமும் இறக்கமும் ஆளைத் தூக்கி அடிக்காத அளவுக்கு அடங்கின. ஆனால் அடங்கிய பிறகுதானே வாழ வேண்டியிருந்தது! அதற்கு மாடி ரூம். தூக்கம் குறைந்தால் அதுதான் முதல் அடையாளம், நேரத்துக்குப் படு, நேரத்துக்கு எழு, பெரிய முடிவு எதுவானாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பிறகு எடு என்று மேடம் உனக்குச் சொன்னார். நீ அதை அப்படியே கரைக்குக் கொண்டுபோய், ஏலக்காரரிடம், "தூங்கி எந்திரிச்சி நாளிக்கு சொல்றேன்" என்றாய். கரையே சிரித்ததாம். மீன் காத்திருக்குமா? அடுத்த முறை நீயும் மேடமும் சேர்ந்து யோசித்து வேறு வழி கண்டுபிடித்தீர்கள். உன் நாத்தனார் பக்கத்தில் நிற்பாள். நீ அளவுக்கு மீறி ஏலம் கேட்டால் இடுப்பில் கிள்ளுவாள். அந்தக் கிள்ளுத் தழும்பை எனக்குக் காட்டினாய். உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாத்திரையால் உடம்பு ஊதுகிறது, இனி மாடி ரூம் மட்டும் போதும் என்று ஒருமுறை நான் முறுக்கிக்கொண்டேன். அன்று நாம் மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருந்தோம். பொரித்த மீன் கடைக்காரனிடம், "இது செத்து எத்தினி நாளாச்சி? இதுக்குக் கருமாதி முடிஞ்சிருக்குமே" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நீ, அவனை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாய். "கீழ குட்கிறது தூங்கறதுக்குடி. மேல குட்கிறது முழிச்சினு கீற நேரத்துக்கு. ஒண்ண வுட்டுட்டு ஒண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்றாய். நான் மாத்திரையை விடவில்லை. இன்றைக்கு நான் ஆளாக நடமாடுகிறேன் என்றால் அந்தத் திட்டும் ஒரு காரணம்.

பிறகு பல வருஷம் உனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அந்த நன்றிக்குத்தான் நீ ஆத்தாளுக்குக் காப்புக் கட்டினாய். உன்னைக் கைவிடாமல் காத்ததற்காகத் தீ மிதிப்பதாக வேண்டுதல். உங்கள் வீட்டு வழக்கப்படி காப்புக் கட்டிய நாளிலிருந்து உப்பில்லாச் சாப்பாடு. எனக்குப் போனில், "காப்பு கட்டிகினேன்டி, தீ மிதிக்கிறத பாக்க வந்துடு" என்று மட்டும் சொன்னாய். உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் உறைத்திருக்காது. அந்த மாத்திரையை இரண்டு பேரும் வருஷக்கணக்காக விழுங்கினோம், உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவர்கூட நமக்குச் சொன்னதில்லை.

திருவிழா அன்று நான் வந்து சேர்ந்தபோது நீ மஞ்சள் புடவையில் கோயில் வாசலில் நின்றிருந்தாய். நின்றிருந்தாய் என்று சொல்லக்கூடாது, தள்ளாடினாய். கை இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய், நாக்கு குழறியது. "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" என்று உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பம்பைக்காரர்கள் உன்னைச் சுற்றி வந்து வேகத்தைக் கூட்டினார்கள். ஒருத்தி உன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருத்தி தன் பேத்திக்குக் கல்யாணம் எப்போது ஆகும் என்று உன்னைக் குறி கேட்டாள். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கால் நிக்கலடி" என்றாய். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "இவளுக்கு உடம்பு சரியில்லை" என்று நான் கத்தினேன். பம்பைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பூக்குழியை நெருங்குவதற்குள் வாந்தி எடுத்தாய், விழுந்தாய், வலிப்பு வந்தது. அப்போதும் ஒரு கிழவர், "ஆத்தா எறங்குறா, யாரும் தொடாதீங்க" என்றார். நான் தொட்டேன். உன் தம்பியும் நானும்தான் உன்னைத் தூக்கி வேனில் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயசு டாக்டர் உன் மாத்திரைப் பெயரைக் கேட்டதும் முகம் மாறி, "சமீபத்தில் உப்பை நிறுத்தினாங்களா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் அந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அளவு ஏறி ஏறி ரத்தத்தில் விஷமாகுமாம். கை நடுக்கம், பேதி, தள்ளாட்டம், குழறல் எல்லாம் அதன் அறிகுறியாம். டயாலிசிஸ் செய்தார்கள். உன் உடம்பு அதற்குமேல் தாங்கவில்லை.

காரியம் முடிந்ததும் கிளினிக்குக்குப் போனேன். முதலில் மாடி. மேடம் அழுதார். "அவங்க விரதம் இருக்கறத அவ்வளவு சந்தோஷமா சொன்னாங்க. உப்பு இல்லாமன்னும் சொன்னாங்க. குடும்பத்தோட சேந்து ஒரு காரியம் பண்றாங்களேன்னு நானும் பாராட்டினேன். மருந்து விஷயம் என் பக்கம் இல்லையே" என்றார். கீழே இறங்கினேன். "கை ரொம்ப நடுங்குது, வயித்தால போவுதுன்னு சொன்னாங்க. அந்த மாத்திரைக்கு அப்படி வர்றது உண்டு. விரதம்னு எங்கிட்ட சொல்லலையே" என்றார் டாக்டர். "நீங்க கேட்டீங்களா?" என்றேன். ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் அடிக்கடி எடுத்ததோடு சரி, பிறகு ஏன் விட்டுப்போனது என்று கேட்டேன். நடுவில் இருக்கிற இந்தப் படியை ஒரு நாளாவது யாராவது ஏறி இறங்கியிருக்கிறீர்களா, நோயாளிகள் நாங்கள் மட்டும்தானே ஏறி இறங்குகிறோம் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "தூக்கமெல்லாம் எப்படி இருக்கு? கொஞ்சம் டோஸ் கூட்டிப் பாக்கலாமா?" என்றார்.

பார்த்தாயா! நமக்குக் கோபப்படக்கூட உரிமை கிடையாது. வீட்டில் தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தாலும், "மாத்திரை போட்டியா?" என்பார்கள். "நல்லா தூங்குறேன் சார். இது வியாதி இல்ல, கோவம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், தப்பித்துவிட்டதாக நினைக்காதே. உப்பில்லா விரதத்தை மேலே சொன்னாய், நடுக்கத்தைக் கீழே சொன்னாய், என்னிடம் திருவிழாவை மட்டும் சொன்னாய். ஊர் வாயெல்லாம் பேசுவாய், இதை ஒரே ஆளிடம் முழுசாகச் சொல்ல உனக்கு என்ன கேடு? ஆத்தாளோடும் எனக்குச் சண்டை. நன்றி சொல்ல வந்தவளை இப்படியா அனுப்புவது? அவள் கோயில் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

இதற்குமேல் ஒன்று நடந்தது. அதைக் கேட்டிருந்தால் நீயே எழுந்து வந்து எல்லோரையும் நாலு சாத்து சாத்தியிருப்பாய். உன் தம்பிக்கும் இதே வியாதி, நீதான் அவனை இழுத்துக்கொண்டு வந்து கிளினிக்கில் சேர்த்தாய். 'மாத்திரைதான் ரத்தத்துல விஷமாச்சி' என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, உன் அம்மா அவன் மாத்திரையையெல்லாம் வாரிக் கடலில் வீசிவிட்டாள். பொய் என்று நான் எப்படிச் சொல்வது? பாதி உண்மைதானே. உன் நாத்தனார் எனக்குப் போன் பண்ணினாள். தம்பி தூங்குவதே இல்லை, விடாமல் பேசுகிறான், இருக்கிற படகை விற்றுவிட்டு வெளிநாட்டுக் கப்பல் வாங்கப் போகிறேன் என்கிறான் என்றாள்.

லீவு போட்டுவிட்டுக் கடப்பாக்கம் போனேன். உன் தம்பி கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"எங்கக்காவ கொன்ன மாத்திரய எனக்குக் குட்க வந்துகீறியா?"

"ஆமா. அதையே முழுங்கிட்டுத்தான் நானும் வந்திருக்கேன்" என்றேன். "மாத்திர மட்டும் கொல்லலடா. விரதம் மட்டும் கொல்லல. ரெண்டையும் சேத்துப் பாக்க ஒரு ஆள் இல்ல. அதான் போயிட்டா."

"நீயும் அதே மாதிரி போயிட்டா?"

தினமும் சாப்பிட்டு முடித்து மாத்திரையைக் கையில் எடுக்கும்போது எனக்கும் அதே பயம்தான். உன்னைக் கொன்றதைத்தான் வாயில் போடுகிறேன். போடாவிட்டால் என்ன ஆவேன் என்பதும் தெரிந்துதான் போடுகிறேன். அதை அப்படியே அவனிடம் சொன்னேன். வலையை உதறிச் சுருட்டினான். பிறகு, "அந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல என் எதிர்ல உக்கார வெய்யி. வர்றேன்" என்றான்.

உட்கார வைத்தேன். எப்படி என்று கேட்காதே. டாக்டர் நேரமில்லை என்றார், வழக்கமில்லை என்றார், வாசலிலேயே நின்றேன். மாடி மேடம் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு தானாகவே இறங்கி வந்தார். முதல்முறையாக இரண்டு ஃபைலும் ஒரே மேஜையில் கிடந்தன. உன் தம்பி சட்டைப் பொத்தானைத் திருகியபடி உட்கார்ந்திருந்தான். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"சாப்பாட்டில ஏதாவது மாத்தியிருக்கீங்களா? விரதம், பத்தியம், உப்பு குறைக்கிறது, அந்த மாதிரி?"

உன் தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"இத்த எங்கக்காவ கேட்டீங்களா சார்?"

டாக்டர் மேஜையைப் பார்த்தார், மேடம் ஃபைலைப் பார்த்தார். அவன் விடவில்லை, பதில் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கடைசியில் அவனே சொன்னான்.

"உப்பு போட்டுதான் துன்றேன். எழுதிக்கோங்க."

இரண்டு பேரும் எழுதினார்கள். அன்றைக்கு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனான், போடுகிறான் என்று உன் நாத்தனார் சொல்கிறாள். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. போனவளுக்காக இன்னும் ஏன் எரிந்துகொண்டிருக்கிறாய், கோபத்தை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். மாடி மேடமும் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கிறார். விடமாட்டேன். அடுத்த மாதம் அவனை அழைத்துக்கொண்டு அந்தக் கிளினிக் வாசலில் நிற்க எனக்கு இந்தக் கோபம் வேண்டும்.